ஏடு கலைந்த பீப்பாய்கள்

எங்கள் சந்தின் முனையில், வெர்னெரே வீட்டு வாயிலுக்கு மேல் ஒரு பலகை தொங்குகிறது. 'சிப்ரியன் வெர்னெரே, தந்தையும் மகனும்' என்று பச்சை எழுத்தில் எழுதியிருக்கும். தந்தைக்குக் கண் தெரியாது. மகனால் நிலவறைப் படி இறங்க முடியாது. ஆனாலும் அந்த வீட்டிலிருந்து ஒயின் வருடம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. ஒயினைத் தவிர வேறு பேச்சே இல்லாத ஊர் இது. அது எப்படி வருகிறது என்று மட்டும் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

நொயெலி அண்ணியால் வந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சிப்ரியன் என் அப்பாவின் அண்ணன். அவருடைய ஒரே மகன் ரெஜி. ரெஜியின் மனைவி நொயெலி. நான் ஒபேன், சந்துக்கு எதிர்ப்பக்கத்து வீட்டுக்காரன். பெரியப்பா தோட்டத்தில் சேர்ந்து வேலை செய்கிறவன்.

அண்ணி பிறந்தது இங்கே இல்லை, மேலே, பனியும் மாடும் மட்டும் இருக்கிற மேட்டு நிலத்தில். அவர் அப்பா அந்த ஊர்ப் பால்பண்ணையில் சீஸ் வட்டுகளை வளர்க்கிறவர். வளர்க்கிறவர் என்றுதான் அண்ணி சொல்வார். சின்ன வயதிலிருந்தே அண்ணியும் ஆளைவிடக் கனமான வட்டுகளைப் புரட்டி, உப்புத் தேய்த்து, மோந்து பார்த்து, இது நல்லா வரும், இது வராது என்று சொல்லப் பழகியவர். அந்தப் பழக்கம் போகவில்லை. எதைக் கையில் எடுத்தாலும் முதலில் மூக்குக்குத்தான் கொண்டுபோவார். ரொட்டி, தபாலில் வந்த கடிதம், பூசைக்குப் போட்டுக்கொண்டு போக ரெஜி எடுத்து வைத்த சட்டை, எல்லாம் அந்த மூக்கைத் தாண்டித்தான் போக வேண்டும். நல்ல உயரம். சத்தமாகப் பாடுவார், சுருதி சேராது. சேரவில்லை என்று சொன்னால் இன்னும் சத்தமாகப் பாடுவார்.

கல்யாணமாகி வந்ததும் அவருக்குக் கிடைத்த வேலை, கொடி கட்டுவது. குளிர்காலக் கடைசியில் ஆண்கள் கவாத்து செய்து முடித்த பிறகு, மிச்சமிருக்கும் கொடியை வில்லாக வளைத்துக் கம்பியோடு சேர்த்து வில்லோ மரத்தின் இளங்குச்சியால் கட்ட வேண்டும். காய்ந்த கொடியை வளைத்தால் முறிந்துவிடும். அதனால் மழை பெய்கிற நாளாகப் பார்த்துப் பெண்களைச் சரிவுக்கு அனுப்புவார்கள். மழை பெய்கிற நாள் என்பதால் ஆண்கள் நிலவறையில் உட்கார்ந்து ருசி பார்ப்பார்கள். இரண்டும் வேலைதான் என்று யாராவது என்னிடம் சொல்லட்டும், விரல்களைக் காட்டச் சொல்கிறேன். அண்ணியின் விரல் கணுக்கள் பிப்ரவரியில் வெடித்தால் ஈஸ்டருக்குத்தான் மூடும்.

நிலவறைக்குள் அவர் போகக் கூடாது. அது பெரியப்பாவின் சட்டம். மற்ற வீடுகளில் சத்தமில்லாமல் விட்டுவிட்ட சட்டம். பெரியப்பா விடவில்லை. காரணம், மஞ்சள் ஒயின்.

சாதாரண வெள்ளை ஒயின் பீப்பாயில் கிடக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். குறையக் குறைய ஊற்றி நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் புளித்துப் போகும். மஞ்சள் ஒயினுக்கு அப்படியே தலைகீழ். அதில் ஒரு சொட்டு ஊற்றக் கூடாது. குறைந்த இடத்தில், தயிரின் மேல் படிவதுபோல், வெளிறிய ஏடு ஒன்று படியும். ஆறு வருடத்துக்கு மேல் அந்த ஏட்டைக் கலைக்காமல், பீப்பாயை அசைக்காமல் விட வேண்டும். அந்த ஏட்டுக்குக் கீழேதான் ஒயின் பொன்னிறமாகும், அக்ரூட் வாசம் பிடிக்கும். பெண் கால் பட்டால் ஏடு கலைந்துவிடும் என்பது பெரியப்பாவின் கட்சி. பெண்கள் பறித்த பழம், பெண்கள் கட்டிய கொடி, பெண்கள் கழுவிய பீப்பாய் எதனாலும் கலையாத ஏடு, பெண் எட்டிப் பார்த்தால் கலைந்துவிடுமாம்.

பிறகு ஒரு வசந்தத்தில் டிராக்டர் சரிவில் கவிழ்ந்து ரெஜியின் இடுப்பு நொறுங்கியது. நடக்கிறான், ஒரு பக்கமாகச் சாய்ந்து. நிலவறைப் படி செங்குத்து, அதில் இறங்க முடியாது. அதே வருடம் பெரியப்பாவின் கண்ணும் மங்கத் தொடங்கியது. ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைப் பெரியப்பா வெளியில் விடவில்லை. வாங்க வருகிறவர்கள் முன்னால் கோப்பையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, "பழைய தங்கம்" என்பார். அது பழைய தங்கம் என்று கொஞ்ச நேரத்துக்கு முன் அடுக்களையில் அவருக்குச் சொன்னவர் அண்ணி.

சட்டம் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். பெரியப்பா அண்ணியைக் கூப்பிட்டு, "நீ வெளக்குப் புடிக்க மட்டும் வா. வெளியில மூச்சு விடக் கூடாது" என்று சொன்னார். அவ்வளவுதான். தேவை என்று வந்ததும் சட்டத்துக்கு ஒரு பின்வாசல் கிடைத்துவிட்டது. நிஜமாகவே பின்வாசல்தான். சந்துப் பக்கம் போகாமல், தோட்டத்துப் பக்கத்துத் தாழ்ந்த கதவு வழியாக அண்ணியை வரச் சொல்வார். தான் மட்டும் ஊர் பார்க்க முன்படியில் இறங்குவார்.

விளக்குப் பிடிக்கப் போன அண்ணி மோந்து பார்க்கத் தொடங்கினார். கேட்காமல் மூக்கு வேலை செய்கிறவர் அவர். ஒரு பீப்பாயில் பசை நாற்றம் லேசாக எழுகிறது என்று பெரியப்பாவுக்கு முன்னால் சொன்னார். அந்தப் பீப்பாயைப் பிரித்தெடுத்து மற்றதைக் காப்பாற்றினார்கள். வெள்ளை ஒயின் வரிசைக்கு வாராவாரம் ஊற்றுவது, மஞ்சள் வரிசையைத் தொடாமல் காப்பது, எல்லாம் அவர் கைக்கு வந்தது. அந்த வருடம் மஞ்சள் ஒயினுக்காக ஐந்து பீப்பாய் போட்டார்கள். போட்ட நாளிலிருந்து அவற்றோடு இருந்தது அண்ணி மட்டும்தான். ஏடு எங்கேயும் கலையவில்லை. பெண் கால் வாராவாரம் பட்டும் அது மேலும் தடித்தது.

அந்த ஐந்தும் பருவத்துக்கு வந்த வருடம், புனித வின்சென்ட் திருநாள் விருந்து எங்கள் பெரியப்பா வீட்டு முறை. திராட்சைக்காரர்களின் புனிதர் அவர். ஜனவரியில் அவர் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் வரும், முறைக்காரர் வீட்டு முற்றத்தில் புதிய பீப்பாய் திறப்பார்கள். வீட்டுத் தலைவர் மட்டும் கீழே போய்த் தன் கையால் முதல் ஜாடியை எடுத்து வர வேண்டும். "அன்னிக்கு ஜாடிய நீ எடுத்துட்டு வா. எல்லாரும் பாக்கட்டும்" என்று பெரியப்பா அண்ணியிடம் சொல்லியிருந்தார். திருநாளுக்கு முந்தைய அக்டோபரில், கடைசிப் பழம் பறிக்கும்போது அண்ணி இதை என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, கேட்டுக்கொண்டு நிற்கிறாயே, உன் கூடை நிறையவில்லையே என்று திட்டினார். முகத்தில் இருந்த சிரிப்பை மறைக்கத்தான் திட்டினார்.

நவம்பரில் அண்ணியின் அம்மா இறந்துபோனார். நான்தான் வேனில் மேட்டு நிலத்துக்கு அழைத்துப் போனேன். பனி விழுந்து பாதை அடைத்துக்கொண்டதால் அடக்கம் முடிந்தும் இருவரும் ஒரு வாரம் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று.

திரும்பி வந்த மறுநாள் காலை அண்ணி பெரியப்பாவோடு நிலவறைக்குப் போனார். நான் முற்றத்தில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தேன். மஞ்சள் வரிசையின் முதல் தக்கையை எடுத்ததுமே, "யாரு ஊத்துனது?" என்று அண்ணி கேட்டது என் காதில் விழுந்தது. கத்தவில்லை. சீஸ் வட்டு ஒன்று உள்ளுக்குள் அழுகியிருப்பதைக் கண்டுபிடித்தவர் போல மெதுவாகக் கேட்டார். நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன், ஒயின் தக்கை வரை தளும்பி நின்றது. ஏடு கிழிந்து, துண்டு துண்டாக மிதந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். நான்கு பீப்பாய் போயிற்று. கடைசியில், சுவரோரம் இருந்த ஐந்தாவது மட்டும் தப்பியிருந்தது.

ஏடு தானாகக் கலைந்தால் ஒயின் குறைந்துதான் இருக்கும், நிறைந்திருக்காது. பீப்பாய் நிறைந்திருந்தால் ஒரு கை ஊற்றியிருக்கிறது என்று அர்த்தம். இது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

மத்தியானம் ரொட்டி வண்டி வந்தது. அதற்குள் விஷயம் முடிவாகியிருந்தது. பெரியப்பா முன்வாசலில் நின்று, தள்ளாமையால் உதவிக்கு மருமகளை நிலவறைக்குள் விட்டதாகவும், அவள் தெரியாமல் ஊற்றிக் கெடுத்துவிட்டதாகவும் பக்கத்து வீட்டாரிடம் சொல்லியிருந்தார். இத்தனை வருடம் மூச்சு விடக் கூடாது என்று மறைத்த ரகசியத்தை, அவள் தலையில் போடத் தேவைப்பட்டதும் அவரே திறந்துவிட்டார்.

வண்டி பக்கத்தில் நின்றிருந்த மதாம் பெர்தோ எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். "பால்காரன் வீட்டுப் பொண்ணுதானே. பாத்திரம் கொறஞ்சா ஊத்தணும்னு தோணியிருக்கும். பாவம், அவளச் சொல்லிக் குத்தமில்ல. உள்ள விட்டாரு பாரு, அவரச் சொல்லணும்."

எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. ஆனாலும் சொன்னேன். "அண்ணி ஊர்லயே இல்ல. மேட்டுக்குப் போயிருந்தாங்க. நான்தான் கூட்டிட்டுப் போனேன். ஏடு இன்னும் கரையாம மெதக்குது. ஊத்தி ரெண்டு மூணு நாள்கூட ஆயிருக்காது."

மதாம் பெர்தோ என்னை மேலும் கீழும் பார்த்தார். "அடேயப்பா. ஒபேனுக்கு வாய் இருக்கா? அண்ணின்னதும் தொறந்துக்கிச்சே." எல்லோரும் சிரித்தார்கள். ரொட்டிக்காரரும் சிரித்தார். நான் சொன்னதை மறுத்து ஒருவர்கூடப் பேசவில்லை. மறுக்கத் தேவையே இல்லை என்பதுதான் அந்தச் சிரிப்பு. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் பெரியப்பாவின் கண் பற்றித் தெரியும் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

ரெஜியிடம் போனேன். அடுக்களையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கேட்டதும் மறைக்கவில்லை. அண்ணி இல்லாத அந்த நாட்களில் முன்படியில் பனி உறைந்திருந்ததாம். அதனால் பெரியப்பா தோட்டத்துப் பக்கக் கதவு வழியாகத் தனியாகப் போயிருக்கிறார். முன்படியில் இறங்கினால் வெள்ளை வரிசை வலது கைப்பக்கம். பின்கதவில் நுழைந்தால் அதுவே இடது கைப்பக்கம். அவர் கை பழக்கத்தில் வலது பக்கம் போயிருக்கிறது. தக்கைத் துளையில் விரலை விட்டு, விரல் நனையும்வரை ஊற்றியிருக்கிறார். பீப்பாய் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"மேல வந்து என்ன திட்டு தெரியுமா?" என்றான் ரெஜி. "ஒம் பொண்டாட்டி மாசக் கணக்கா ஊத்தவே இல்லடா, பீப்பாயெல்லாம் தவிச்சுப் போய்க் கெடக்குன்னாரு. கொண்டுபோன வெள்ளை தீந்துபோச்சாம். இல்லாட்டி அஞ்சாவதும் போயிருக்கும்."

"தெரிஞ்சும் நீ பேசாம இருக்கியா?"

"என்னடா பேசச் சொல்ற? அப்பாவுக்குக் கண்ணு போச்சுன்னு நாமளே சொன்னா, வாங்குறவன் எவனாவது இந்த வாசப்படி மிதிப்பானா? அவரு பேரு போனா வீடு போச்சு. அவ பேரு போனா..." என்று நிறுத்திக்கொண்டான்.

"போனா?"

"அவளுக்கு என்னடா பேரு இருக்கு, போறதுக்கு?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நல்லவன்தான் ரெஜி. மனைவியை அடித்ததில்லை, அதட்டியதில்லை. கணக்குப் பார்த்துச் சொன்னான். அப்பா பெயரில் பழி விழுந்தால் நஷ்டம், நொயெலி பெயரில் விழுந்தால் செலவே இல்லை. அந்தக் கணக்கு அவ்வளவு சரியாக இருந்ததுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. எங்கள் ஊர் முழுக்க அந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

அண்ணி அழவில்லை, சண்டை போடவில்லை. மறு வாரம் பெரியப்பா நிலவறை வாசலில் நின்று விளக்கைக் கேட்டபோது, உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே சொன்னார்: "நான் எறங்க மாட்டேன், மாமா. பொம்பளக் காலு பட்டா கெட்டுப்போகும்."

"வெளையாடாத. வெள்ளைக்கு ஊத்தணும்."

"யாரு முன்னாடி எம் பேரச் சொன்னீங்களோ, அவங்க முன்னாடி ஒங்க பேரச் சொல்லுங்க. அப்புறம் எறங்குறேன்."

 நான் விளக்கை எடுத்துக்கொண்டு, நான் வருகிறேன் என்றேன். "ஒனக்கு மூக்கு இல்லடா" என்றார் பெரியப்பா. ஆனாலும் வேறு வழியில்லாமல் வெள்ளை வரிசைக்கு என்னை வைத்தே ஊற்றினார். மஞ்சள் வரிசைப் பக்கம் என்னை விடவில்லை. டிசம்பர் முழுக்க ஊரில் யாராவது அண்ணியைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டேதான் இருந்தார்கள். பாதிரியார்கூட, தவறுவது மனித இயல்பு மகளே என்று ஆறுதல் சொன்னாராம். யார் தவறியது என்று அவர் கேட்கவில்லை. அண்ணி பாடுவதை நிறுத்தியிருந்தார். சுருதி சேராத அந்தக் குரல் இல்லாமல் சந்து வேறு யாருடைய சந்தோ போல இருந்தது.

வின்சென்ட் திருநாள் அன்று நல்ல வெயில், கடுங்குளிர். சுரூபத்தை முற்றத்தில் இறக்கி வைத்தார்கள். மேசைகளில் ரொட்டி, சீஸ், புகையூட்டிய பன்றி இறைச்சி, அக்ரூட். எல்லாம் அண்ணி விடியுமுன் எழுந்து செய்தது. பாதிரியார், மேயர் ஃபெர்னான், மதாம் பெர்தோ, ஊர் மொத்தமும் கோப்பையோடு நின்றது. பெரியப்பா முன்படி வழியாகத் தனியாக இறங்கினார். ஐந்தாவது பீப்பாயிலிருந்து எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எண்ணிக்கொண்டுதான் போயிருப்பார். வெகு நேரம் ஆயிற்று. தோளில் ஒட்டடையோடு ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

கோப்பை விளிம்பில் விரலை வைத்து, விரல் நனைந்ததும் நிறுத்தி நிறுத்தி ஊற்றினார். எல்லோரும் அந்த விரலைப் பார்த்தோம். எல்லோரும் பார்வையைத் திருப்பிக்கொண்டோம்.

நான் ஒரு வாய் குடித்தேன். தட்டையாக இருந்தது. அக்ரூட் எங்கேயோ தூரத்தில் இருந்தது, மழையில் நனைந்த காகிதம் போல ஒரு ருசி முன்னால் நின்றது. ஏடு மூழ்கிய பீப்பாய்களில் ஒன்று. பின்கதவிலிருந்து எண்ணினால் ஐந்தாவதாக வருவது முன்படியிலிருந்து எண்ணினால் முதலாவது என்பதை மறந்திருக்கிறார்.

மேயர் கண்ணை மூடிக்கொண்டார். "அக்ரூட்," என்றார். "அக்ரூட்டத் தவிர வேற ஒண்ணுமில்ல." பாதிரியார் தலையசைத்தார். "சிப்ரியன் ஐயா கை, கைதான்" என்றார் மதாம் பெர்தோ. ஒவ்வொருவராக ஆமாம் போட்டார்கள். வாழ்நாள் முழுக்க இந்த ஒயினைத் தவிர வேறொன்றை அறியாத நாக்குகள் அவை.

அண்ணி ரொட்டித் தட்டை மேசையில் வைத்துவிட்டு என் கையிலிருந்த கோப்பையை வாங்கினார். குடிக்கவில்லை. மோந்தார்.

"இது நான் கெடுத்த பீப்பாய்ங்க," என்றார். "புடிச்சிருக்கா, மேயர் ஐயா?"

மேயர் கோப்பைக்குள் பார்த்தார். "அது வந்து... கொஞ்சம் இளசா இருக்குதான்..."

"நொயெலி, உள்ள போம்மா" என்றான் ரெஜி. அண்ணி போகவில்லை.

விருந்து கொடுப்பவர் கடைசியில்தான் குடிக்க வேண்டும். பெரியப்பா அதுவரை தன் கோப்பையைத் தொடவில்லை. இப்போது எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். கீழே எல்லாமே அக்ரூட் வாசம், அங்கே அவருக்குத் தெரிந்திருக்காது. இங்கே, குளிர்காற்றில், தெரிந்தது. அவர் முகம் இறுகியது.

"ஃபெர்னான். என்ன குடிச்ச நீ?"

"மஞ்சள் ஒயின்தான், சிப்ரியன். நல்ல..."

"பொய் சொல்லாத." கோப்பையைத் தரையில் கவிழ்த்தார். "குருடன்தானே, எத ஊத்தினாலும் நல்லாருக்குன்னு சொல்லி வைப்போம்னு வந்தீங்களா? எம் முத்தத்துல நின்னுக்கிட்டா? ஆமாடா, கண்ணு தெரியல எனக்கு. வலது எது எடது எதுன்னு தெரியாம இதுல வெள்ளைய ஊத்திக் கெடுத்தது நான்தான். மூக்கு இன்னும் போகல எனக்கு."

 நான் காத்திருந்த சொல் அதுதான். ஆனால் கேட்டபோது ஆத்திரம் இறங்கவில்லை, ஏறியது. அண்ணிக்காக அவர் அதைச் சொல்லவில்லை. மருமகள் பெயர் இரண்டு மாதமாகத் தெருவில் கிடந்தபோது அடைத்திருந்த வாய், தன் மூக்கை ஒருவன் மதிக்கவில்லை என்றதும் திறந்துகொண்டது. அப்படித் திறந்த வாயிலிருந்துதான் எங்களுக்கு உண்மை கிடைத்தது.

பெரியப்பா இடுப்பிலிருந்து நிலவறைச் சாவியை எடுத்தார். "நொயெலி. போய் சரியானத எடுத்துட்டு வா" என்று நீட்டினார். அண்ணி நின்ற பக்கம் நீட்டவில்லை. சாவி மதாம் பெர்தோவை நோக்கி ஆடிக்கொண்டிருந்தது. அவர் ஒரு அடி பின்வாங்கினார்.

அண்ணி அதைக் கொஞ்ச நேரம் அப்படியே ஆட விட்டார். பிறகு போய் வாங்கிக்கொண்டார்.

"இது இனிமே எங்கிட்டதான் இருக்கும், மாமா."

பெரியப்பா தாடையைத் தடவினார். "சரி" என்றார்.

அண்ணி ஜாடியை எடுத்துக்கொண்டு முன்படியில், ஊர் பார்க்க, இறங்கினார். தோட்டத்துப் பக்கம் சுற்றிப் போகவில்லை. பெண்கள் எல்லோரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வர அதிக நேரம் ஆகவில்லை. ஜாடி முற்றத்துக்கு வருவதற்குள் வாசம் வந்துவிட்டது.

முதல் கோப்பை பாதிரியாருக்கு, இரண்டாவது மேயருக்கு என்பது வழக்கம். எல்லோரும் வெறும் கோப்பையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அண்ணி தனக்கு ஒன்று ஊற்றிக்கொண்டார். வெயிலில் தூக்கிப் பார்த்தார், மோந்தார், நின்றபடியே கடைசிச் சொட்டு வரை குடித்தார். அவசரப்படவில்லை. பிறகு ஜாடியை மேசை மேல் வைத்து, அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

"எல்லாரும் போய் கோப்பையக் கழுவிட்டு வாங்க," என்றார்.

முற்றத்து மூலையில் குழாய் இருக்கிறது. ஜனவரியில் அந்தத் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துவிடும். மேயர் முதலில் போனார். அவர் பின்னால் பாதிரியார். அவர் பின்னால், கையுறையைக் கழற்றிக்கொண்டே, மதாம் பெர்தோ.